குளிர்காலத்துக்கு முன் செய்யவேண்டியவை

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம்
தண்ணீரை வடித்துவிடு என்கிறது.
வடிக்காவிட்டால் உறையும்,
உறைந்தால் விரியும்,
விரிந்தால் இரும்பு பிளக்கும்.
படமும் போட்டிருக்கிறார்கள்:
கம்பளித் தொப்பி போட்ட ஒருவன்
சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றுகிறான்.

காக்கைத்தீவில் இது மே மாதம்.
சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.
எங்களுக்கு ஐஸ் என்றால்
விடிய மூன்று மணிக்கு
மரத்தூள் தூவி லொறியில் வருவது.
கட்டி இவ்வளவு என்று கொப்பியில் ஏறுவது.
அந்தக் கொப்பியில்தான்
அந்திராசு கொறைராவுக்கும் எனக்கும் பேச்சு நின்றது.
பதினெட்டுக் கட்டி என்றேன்.
இருபத்தாறு என்றான்.

படகில் பாதி அவனுடையது.
எந்தப் பாதி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சோளகம் ஏறிவிட்டது.
களனி தன் வாயால்
சருகும் சேறும் ஒற்றைச் செருப்பும் துப்புகிறது.
இனி ஒக்டோபர் வரை படகு கட்டைமேல்.
உறைபனி வராது, உப்பு வரும்.
அது பிளக்காது. உட்கார்ந்து தின்னும்.

முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி
பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம்.
உப்பெல்லாம் புகைக்குழாய் வழியே போயிற்று என்று
நம்பினோம்.
(பேசாமல் இருந்தும் நம்புவது பன்மையில்தான் வருகிறது.)

பிறகு அடித் திருகாணி.
பதினான்காம் நம்பர் ஸ்பானரால் நான் கழற்ற,
அவன் வாளி பிடித்தான்.
ஒரு சொட்டும் இல்லை.

புதியவர்கள் ஏமாறும் இடம் இது.
வரவில்லை, ஆகவே உள்ளே இல்லை என்று
பூட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

சைக்கிள் ஸ்போக் ஒன்றை வளைத்துக் குத்தினேன்.
நறநறவென்றது.
இன்னொரு குத்து.
சட்டென்று
முழங்கை வரை சூடாக, துரு நிறத்தில்,
நாறிக்கொண்டு வந்தது.
வாளிக்குப் பாதி, அவன் சாரத்துக்குப் பாதி.
தெளிந்தபோது அடியில் ஒரு சிப்பி,
குறுணி அரிசி அளவு.
மார்ச்சில், நீர்கொழும்புக்கு வெளியே,
சுறா தூண்டிலை அறுத்த இரவில்
எஞ்சின் குடித்த கடலாக இருக்கலாம்.
அன்று நாங்கள்
விடியும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தோம்.
அந்தச் சுறாவைப் பற்றித்தான்.

"எத்தனை லீற்றர்?"
ஐந்து வாரத்தில் அவனுடைய முதல் வார்த்தை.
ஆறரை என்றேன், சாரம் குடித்ததையும் சேர்த்து.
"ஏழு இருக்கவேணும்."
மறுபடியும் கணக்கு.
கையேட்டைப் புரட்டினேன்: ஏழு.
அவன் பேசாமல் எஞ்சினுக்குப் பின்னால் நுழைந்து
தொங்கி நின்ற ஹோஸின் வளைவைத்
தோளால் தூக்கினான்.
மீதி அரை லீற்றர்
கொப்பளித்துக்கொண்டு வந்தது.
அவன் சொன்னது சரி.
அதை நான் சொல்லவில்லை.

கடைசியில் பம்ப் மூடியைத் திறந்து
இம்பெல்லரை இழுத்தெடுத்தேன்.
ஆறு இதழ் றப்பர் பூ, ஓரிதழில் மயிர்க்கீறல்.
சுக்கானில் அட்டை கட்டினேன்:
இம்பெல்லர் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே.
சிங்களத்திலும் எழுது என்றான்.
எழுதினேன்.
எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினான்.

பற்றரி, வழக்கம்போல், அவன் தோளில் போயிற்று.
அது இல்லாமல் எஞ்சின் தும்மவும் செய்யாது.
இம்பெல்லர் என் சோற்றுப்பெட்டியில்.
இது இல்லாமல் ஓடினால்
ஐந்து நிமிடத்தில் வெந்துபோகும்.
இப்படிப் பிரித்தெடுப்போம் என்று
நாங்கள் எப்போதாவது பேசி முடிவெடுத்தோமா,
நினைவில்லை.

மழைக்குள் பஸ் ஏறி
பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.
கண்டக்டர் குனிந்து, மீனா என்றான்.
இல்லை என்றேன்.
வாசம் வருதே என்றான்.