குதித்துப் பார்க்கலாமா

"குதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்
தபால் போடும் ஹில்க்கா.
ஓவ்லுவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
கடை நடுவே, கம்பளித் தொப்பியோடு
நாற்பது குதி.

முதல் ஜோடி மூன்றிலேயே விழுந்தது.
பட்டை வைத்தது தொப்பிமேல் நிற்கவில்லை.
விலை உயர்ந்ததோ
ஊரையே வாயடைத்தது.
"பின்னால் வரும் பனிவண்டி
சொல்லிக்கொண்டா வரும்?"

கடைசியில் எடுத்தது
தள்ளுபடிக் கூடையில் நான் எறிந்திருந்த
காதுக்கொக்கி வைத்த மலிவுச் சரக்கு.
வெளிச்சத்தம் ஒழுகும் என்று எச்சரித்தேன்.

மார்ச்சில் திரும்பி வந்தாள்.
குளிரில் விறைத்த வயர்
சுள்ளிபோல ஒடிந்திருந்தது.
"ஒழுகட்டும்.
ஒரு டிரம் அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே
என் பூட்ஸ் பனியை மெல்லுகிறது.
இதேபோல இன்னொன்று உண்டா?"

கூடையைத் தரையில் கவிழ்த்தேன்.
இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்.