குடும்பப் பெயர் என்ற கட்டம்

ஆ செங் டுரியான் நிறுக்கும் தராசில்
என் பெட்டியைத் தொங்கவிட்டோம்.
இருபத்து நாலே முக்கால்.
"ஒண்ணே முக்கால் கிலோ கூட, அமோய்.
பழமா இருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்"
என்று மலாயில் சிரித்தார்.
ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே
மழைத்தண்ணீர் வடியாத கார் நிறுத்தத்தில்
பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு
எதை விட்டுப் போவது என்று குனிந்து நின்றோம்.

நெத்திலிச் சம்பலை அம்மா தொடவிடவில்லை.
தான் வைத்த புடவையைத் தானே உருவினாள்.
"அந்தக் குளிர்ல யாருக்குக் கட்டிக் காட்டப் போற."
பிறகு ஒரு ஜோடி காலணி,
பிறகு இஸ்திரிப் பெட்டி.
அப்பா எதிலும் கை வைக்கவில்லை.
கிளாஸ்கோவிலிருந்து வந்த கடிதத்தைத்தான்
மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

கப்பல் பொறியியல், முதலாம் ஆண்டு.
ஐசியில் நான்
லோஷினி அனாக் பெரம்புவான் வேலாயுதம்.
இன்னாரின் மகள் என்று எழுத
அவர்கள் படிவத்தில் கட்டமில்லை.
ஏ, பி என்று இரண்டே எழுத்தாக்கி
நடுப்பெயர் என்று வைத்துக்கொண்டார்கள்.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அப்பா போய் உட்கார்ந்துவிட்டார்.
"அன்புள்ள மிஸ் வேலாயுதம்."

அதைக் காவல் கூண்டுக்குக் கொண்டுபோய்
நேபாளத்துப் பையன்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார்.
பத்தொன்பது வருடமாக
ஓய், கார்டு, கேட்டைத் திற.
"இப்பத்தான் ஒருத்தன் மரியாதையா கூப்பிட்டிருக்கான்,
அதுவும் பொம்பளப் பிள்ளையா."

புறப்படும் அன்று அவருக்கு இரவு வேலை.
மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை.
ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி நிற்கும் தொழிற்சாலை அது,
பாயான் லெப்பாஸில்.
விமானங்களை நேரத்தை வைத்தே சொல்லிவிடுவார்,
ஏழு நாற்பது ஒழுங்கு, ஒன்பது பத்து எப்பவும் லேட்டு.
ஒன்றிலும் ஏறியதில்லை.
"மூணாம் கேட்டுல நிப்பேன்.
டார்ச்ச மூணு தடவ அடிப்பேன்.
இடது பக்கம் சன்னல் கேட்டு வாங்கு."

ஆ செங்கின் வேனில் போனோம்.
இறங்கும் இடத்தில் அம்மா
என் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள்.
ஆ செங் என்ன செய்வதென்று தெரியாமல்
தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்,
"பசியாறியாச்சா?"
ராத்திரி எட்டு மணிக்கு.
ஆச்சு அங்கிள் என்றேன்.
அம்மா அப்போதுதான் அழுதாள்.

ஒன்பது பத்து ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பியது.
இடது சன்னல்.
கண்ணாடியில் நெற்றி வைத்துப் பார்த்தேன்,
கீழே பேட்டை முழுக்க விளக்கு,
கூரையில், கோபுரத்தில், லாரிகளில்,
எல்லாமே மினுங்குகின்றன,
எதுவும் மூன்றோடு நிற்கவில்லை.
பாலம் வந்து போனது.
நங்கூரமிட்ட கப்பல்கள் கொஞ்சம்,
பிறகு கருப்பு.

கோலாலம்பூரில் அடுத்த கதவைத் தேடி நடந்தபடியே
அனுப்பினேன்,
"பாத்தேன்ப்பா. மூணு தடவ."

இரண்டு குறியும் நீலமாகின.
எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார்.
"அப்படியா.
அந்த நேரம் பாத்து கொண்டேனர் லாரி வந்துருச்சும்மா.
ரசீது எழுதிக்கிட்டிருந்தேன், வெளிய வரவே முடியல."

கொஞ்சம் கழித்து இன்னொன்று.
"வேற யாரோ அடிச்சிருக்கான் போல.
நல்ல மனுஷன்."