நிறுத்தச் சொல்லும் சீட்டு

சிலோயே தீவு. மழை ஓயாத ஜூன்.
எலெயுதேரியோ பர்ரியா, எண்பத்துமூன்று வயது,
படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர்,
பிஸ்கட் டப்பாவைச் சமையலறை மேஜையில் கவிழ்த்தார்.
மாத்திரைகள் உருண்டன. ஒன்று
விறகடுப்புக்கு அடியில் போய் ஒளிந்தது.
குனியப் போனவரை மகள் நோல்ஃபா
தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்:
"போன மாதம் விழுந்தது போதாதா?"

எண்ணினேன். பதினொரு வகை.
அதில் இரண்டுக்குப் பெயர்தான் வேறு, உள்ளே ஒரே மருந்து.
ஊர் கிளினிக் தந்தது ஒன்று,
அக்கரை ஆஸ்பத்திரி தந்தது மற்றொன்று.
இரண்டையும் விசுவாசமாக விழுங்கியிருக்கிறார்.

பழைய சீட்டுகளைத் தேதிவாரியாகப் பரப்பி
பின்னோக்கி நடந்தேன்.
மறதிக்கென்று ஒன்று, மார்ச்சில்.
மறதி வந்தது, சிறுநீரை அடக்க ஒன்று தந்த பிறகு.
அடங்காமல் போனது, நீர் பிரிய ஒன்று தந்த பிறகு.
அது எதற்கு? கணுக்கால் வீங்கியதற்கு.
கணுக்கால் ஏன் வீங்கியது?
ரத்த அழுத்த மாத்திரை, அளவு இரட்டிப்பு,
முந்தைய ஆகஸ்ட்.
அடியில் ஒரு கையெழுத்து:
வளைந்த எம், அவசரமாய் இழுத்த கோடு.

என்னுடையது.

அன்று வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அடுப்பில் ஈர விறகு சீறியது.

நோல்ஃபாவிடம் சொல்லிவிட்டேன்.
கோபத்துக்குத் தயாராக இருந்தேன்.
"அப்படியானால் அப்பாவுக்கு மறதி இல்லையா?" என்றாள்.
தெரியாது என்றேன்.
ஏழு வருடப் படிப்பில்
அந்த ஒரு சொல்லுக்குப் பயிற்சி தரவில்லை.

கிழவர் புறங்கையால் எல்லாவற்றையும்
குப்பைக்கூடைப் பக்கம் ஒதுக்கினார். தடுத்தேன்.
"மொத்தத்தையும் ஒரே நாளில் கழற்றினால்..."
அவரே முடித்தார்:
"எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது."

ஆகவே, ஒவ்வொன்றாக.
இரட்டையரில் ஒருவன் இன்றே போகட்டும்.
சிறுநீரை அடக்குவது அடுத்த வாரம்.
என்னுடையது பழைய அளவுக்கு இறங்கும்,
நோல்ஃபா அழுத்தம் பார்த்து எழுதிவைப்பாள்.
தூக்க மாத்திரை கடைசியில், கால் கால் பங்காக;
பதினான்கு வருடச் சிநேகம்,
முறித்தால் முரண்டும்.
ரத்தம் உறையாமல் காப்பதை யாரும் தொட வேண்டாம்.

நிறுத்தவும் என்று எழுதினேன்.
பேனாவுக்குப் பழக்கமில்லாத சொல்,
இரண்டாம் எழுத்திலேயே மை தடுமாறியது.

படகுக்கு நேரமாகிவிட்டது.
அடுப்புக்கடியில் போனது எது என்று
மூவருக்கும் தெரியவில்லை.
நான் கோட்டைக் கழற்றிவிட்டுத்
தரையில் படுத்துக் கையை நீட்டினேன்.