முள்ளில்லாதது

எக்ஸ்ரேக்குக் குருத்துத் தெரியாதாம்.
ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து
டொக்டர் விரலால் காட்டினார்:
"இரண்டு எலும்புக்கும் நடுவில்
இடைவெளி குறைஞ்சு போச்சு, தவமலர்.
அதை வைச்சுத்தான் சொல்லுறன், தேஞ்சிட்டுது.
இனிக் குந்தியிருந்து வெட்டப்படாது."

பார்மசிக்காரன் ஒரு குளிசைப் பெட்டி எடுத்தான்.
மேலே சுறாப் படம்.
நாலாயிரத்து எண்ணூறு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
திருக்கடலூர்க் கரையில்
நாய்களுக்கு நான் எறிகிற சாமான்.

விடிய ஐந்தரைக்கு ஒரு பால்சுறா.
பெண்சாதி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று வந்தவன்
"முள் இருக்குமோ அக்கா?" என்கிறான்.
உன் காதை மடித்துப் பார் தம்பி,
மூக்கு நுனியை ஆட்டிப் பார்.
இதற்கு உடம்பு முழுக்க அதுதான்.

பாரைத் தலைபோல் கழன்று கழன்று வராது,
மண்டை ஒரே ஓடு.
தாடை அதில் ஒட்டியில்லை,
ஏணைபோல் கீழே தொங்குகிறது,
கடிக்கிற நேரம் முன்னுக்குப் பாயும்.
பல்லும் தாடைக்குள் ஊன்றவில்லை,
முரசில்தான் தைத்திருக்கிறது.
ஒன்று விழுந்தால் பின்னால் நிற்பது நகர்ந்து வரும்,
சங்கக்கடைக் கியூ.

விலாவென்று சொல்ல அங்கே பெரிதாய் ஒன்றுமில்லை.
இவ்வளவு நாளும் தண்ணீர்தான் தாங்கியிருக்கிறது.
மணலில் இழுத்துப் போட்டதும்
தன் பாரமே தன் ஈரலை அமத்தும்.
யாரும் அடிக்கத் தேவையில்லை.

கம்பஸில் படிக்கிற கிண்ணியாப் பெடியன் றமீஸ்
முதுகுத்தண்டில் ஐந்து குற்றி கேட்டு வருவான்.
குருத்துத்தான், ஆனால் சுண்ணாம்பு ஏறி இறுகியது.
சீவி, வில்லைக்குக் கீழே வைத்து
வளையம் எண்ணுவான்.
"பதினொண்டு, அக்கா."
பதினொரு வயதா?
"அப்பிடித்தான் நினைக்கிறம்.
சிலதில் வளையம் பொய் சொல்லும்."

என் முழங்காலை நீட்டினேன்,
இதையும் எண்ணு என்று.
பெடியன் வெட்கப்பட்டுப்
பொலித்தீன் பையை முடிந்துகொண்டு போனான்.

இன்றைக்கு மருமகன்
இரண்டு சோடாப் பெட்டிக்கு மேல்
பலகையை உயர்த்தித் தந்திருக்கிறான்.
நின்றுகொண்டு பார்க்கச் சுறா நீளமாய்த் தெரிகிறது.
வால் பக்கம் ஈ.
கத்தியை ஓங்கி இறக்குகிறேன்,
நறுக்.

பக்கத்துப் பலகைக்காரி திரும்பிப் பார்த்தாள்.
சத்தம் போட்டது அதுவா நானா என்று
எனக்கும் விளங்கவில்லை.