பதினாலேகால் ரூபாய்

நான் கணக்கன். வண்டி ஓட்டத் தெரியாது.
இரவு பதினோரு மணிக்குமேல்
தோல்பைகள் வந்து மேசையில் விழும்.
காசில் செதில் ஒட்டியிருந்தால் காசிமேட்டு நடை.
உப்புப் பூத்திருந்தால் எண்ணூர்.
பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் என்றால்
மில் ஷிப்டு விட்டிருக்கிறது.
வடக்கே நான் பார்த்த ஊரெல்லாம்
இந்த மேசைமேல்தான்.

முதல் பேரேட்டில் ஒரே வண்டி:
கைமாறி வந்த செவர்லே,
கொருக்குப்பேட்டையில் கட்டிய மரக்கூண்டு.
பணம் எத்திராஜுலு நாயக்கருடையது, விறகுத்தொட்டி லாபம்.
கை தஸ்தகீருடையது.
தெருமுனையில் எஞ்சின் இருமினால்
ஷெட்டுக்குள் இருந்தே நோயைச் சொல்லிவிடுவார்.
நிறுத்த இடமில்லை. தொட்டியிலேயே
சவுக்கு அடுக்கைத் தள்ளி நிறுத்தினோம்.
வடிவுடையம்மன் மோட்டார் சர்வீஸ்.
தங்கசாலையிலிருந்து திருவொற்றியூர், ஒன்றரையணா.

நாலாம் பேரேட்டில் பதினோரு வண்டி.
ராயபுரத்து ஜெயலட்சுமிக்காரன் ஓரணா என்றான்.
நாங்கள் முக்காலணா.
அவன் தண்டையார்பேட்டையில் ஏறுகிறவர்களுக்குக் கோலிசோடா கொடுத்தான்.
நாங்கள் சோடாவும் வெற்றிலையும்.
சோலி இல்லாதவர்கள்கூட வந்து ஏறினார்கள்,
வெயிலுக்கு நிழலாக இருக்கிறதென்று.
சோடாச் செலவு என்று தனித் தலைப்பே போட்டேன்.
பத்து மாதத்தில் ஜெயலட்சுமி மூச்சு வாங்கியது.
அதன் எட்டு வண்டிகளும் எங்கள் தொட்டிக்கு வந்தன.
அன்று நாயக்கர் எனக்கு ஒரு வேட்டி எடுத்துத் தந்தார்.

பிறகு யுத்தம். பெட்ரோலுக்கு அளவு.
ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் கரி அடுப்பு.
விறகில் பிறந்த கம்பெனி மறுபடி விறகைத் தின்றது.
பேசின் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டும்,
டிக்கெட் வாங்கியவர்களும்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில்
ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் புறப்பட்டது.
அண்டா, ஆடு, தையல் மெஷின், பிரசவமாகி மூன்றே நாளான ஒருத்தி.
நாயக்கர், தலைக்கு ஒரு ரூபாய் வாங்கு என்றார். வாங்கினார்கள்.
ஏழாம் நம்பர் கண்டக்டர் சவரிநாதன் மட்டும்
செங்குன்றம் வரை இரண்டு நடை போய்
காலிப் பையோடு திரும்பினான்.
“ஓடறவங்கிட்ட இன்னாத்த கேக்கறது?”

பழைய கட்டணமே வைத்துக்கொள்,
தலைக்கு மூன்றணா, எழுபத்தாறு தலை என்றார் நாயக்கர்.
பதினாலேகால் ரூபாய்.
மாதம் இரண்டாகப் பிடித்தோம்,
ஏழு மாதம். எட்டாம் மாதம் நாலணா.
விட்டுவிடலாம் என்று சொன்ன தஸ்தகீர்
அந்தத் தீபாவளிக்குள் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.
சிவப்பு மையில் எழுதியது நான்.
கையெழுத்து அழகாக இருந்தது.

அதன்பிறகு பைகள் இளைத்தன.
செதில் இருந்தது, உப்பு இருந்தது,
காசு குறைந்தது.
பத்தொன்பது பையிலும், பிடிபடாத அளவுக்கு.
செக்கர் வைத்தோம். செக்கரும் இளைக்கவைத்தான்.
எஞ்சின்கள் தெருமுனையில் இருமின,
கேட்க ஆளில்லை.

சர்க்கார் எடுத்துக்கொள்ள வந்தபோது
சாக்பீஸ் பிடித்த ஒரு இளைஞன்
ஓடும் வண்டிக்கு வட்டம், ஓடாததற்குப் பெருக்கல் குறி போட்டான்.
வட்டம் ஆறு.
சர்க்கார் என்னை விழுங்கிவிட்டது என்று நாயக்கர்
சாகும்வரை வருகிறவர்களிடம் சொன்னார்.
நானும் தலையாட்டினேன்.
பேரேடு என்னிடம் இருந்தது, காட்டவில்லை.

சவரிநாதனுக்கு சர்க்கார் வண்டியில் வேலை கிடைத்தது.
மூலகொத்தளத்தில் ஒருநாள் அவன் வண்டியில் ஏறிவிட்டேன்.
புதுப் பெயிண்டுக்கு அடியில், வெயில் சாய்ந்தபோது,
வடிவு வரைக்கும் படிக்க முடிந்தது.
முழு ரூபாயை நீட்டினேன்.
முகம் பார்க்காமல் டிக்கெட் கிழித்தான்,
ஒவ்வொரு காசாக என் உள்ளங்கையில் வைத்தான்.
“சரியா கீதா பாத்துக்க, கணக்குப்புள்ள.”

எண்ணிப் பார்த்தேன்.
பழக்கம்.