பன்னிரண்டு பேருக்கான கூழ்

பத்துமலை பார்க்க வந்த நல்லூர்க்காரர் ஒருவர்
பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார்,
ஒரு நெஸ்ரமோல்ட் பேணி.
உள்ளே ஒடியல் மா, அரைக் கிலோ.
மூடியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டுத்தாள்.
யசிந்தா அக்கா எந்த மூடியையும் நம்பாதவள்.

செந்தூல் ரயில் நிலையப் படிக்கட்டிலேயே
பிரித்து மணந்தேன்.
மண், வெயில், கொஞ்சம் பூஞ்சணமும்.
சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

*

கூழை ஒருவனுக்குக் காய்ச்ச முடியாது.
சோறு முடியும். ரொட்டி முடியும்.
மெகி கோரெங் ஒருவனுக்கென்றே உண்டான சாப்பாடு,
பதினோரு வருசமாய் அதைத்தான் தின்கிறேன்.
கூழுக்கு என்ன, ஒரு பலாக்கொட்டையா போடுவது?

அக்காவின் குரல்பதிவில் அளவெல்லாம்
குருநகர் வீட்டுப் பெரிய பானைக்கு.
"எங்கட பன்னிரண்டு பேருக்குச் சொல்லுறன்,
நீ பிரிச்சுப் பார்."

பிரித்துப் பார்த்தேன்.
இரண்டு பேர் ஸ்காபரோவில், பனிக்குள்.
ஒருத்தி பாரிசில்,
தமிழ் விளங்கியும் பேசாத மூன்று பிள்ளைகளோடு.
ஐயாவும் அம்மாவும் சேமக்காலையில், பக்கத்தில் பக்கத்தில்.
சின்னவன் மன்னாரில், அவனுக்கு இன்னும் கடல்.
றெஜி அண்ணையை
எந்த இடத்திலும் எழுதாமல்
ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டால் வகுத்தால் எனக்கு வருவது
ஒரு நண்டுக்கால்,
இரண்டு துண்டு பயத்தங்காய்,
கால் மிளகாய்.

*

புடு சந்தையில் மீன் வெட்டுகிறவன் நான்.
தவுக்கே லிம் கேட்டார்,
இத்தனை தலையும் எதற்கு, வீட்டில் விருந்தா?
யூஎன் அட்டைக்காரனின் வீடு
ஒரு பாயும் சுவரில் ஓர் ஆணியும்
என்பது அவருக்குத் தெரியும்.
ஆமாம் தவுக்கே, பன்னிரண்டு பேர் என்றேன்.
என்னை ஒரு தரம் பார்த்தார்.
மூன்று நீலக்கால் நண்டைத் தூக்கிப் பையில் போட்டார்.
தலைக்குக் காசு பிடித்தார். நண்டுக்குப் பிடிக்கவில்லை.

மாவை ஊறப்போட்டேன்.
கசப்புப் போக மேல்தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்,
எத்தனை தரம் என்று அக்கா சொல்லவில்லை.
மூன்று தரம் ஊற்றி,
நக்கிப் பார்த்து,
நாலாவதாய் ஒன்று.

கொதிக்கத் தொடங்கியபோது
கீழ்மாடி ரோஹிங்யா வீட்டுப் பொடியன்
கதவில் வந்து நின்றான்.
மூக்கைப் பொத்திக்கொண்டுதான்,
ஆனால் போகவில்லை.

பிளா கோல ஓலை இல்லை.
இந்த நாட்டில் தென்னை உண்டு,
செம்பனை மைல் கணக்கில் உண்டு.
பனைக்கு எங்கே போவேன்?
இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் குழம்பு கட்டுவதுபோல
பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி
ரப்பர் சுற்றிக் கட்டினேன்.
பொடியன் எண்ணினான்:
சத்து, டுவா, தீகா…
சட்டியை வழித்தும் பத்துதான் வந்தது.
யாருக்குக் குறைந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஒன்றை நான் குடித்தேன், மூலையைக் கடித்து, நின்றபடியே.
ஒன்றைப் பொடியன்.
மற்றதெல்லாம் கதவுப்பிடிகளில்:
பர்மாக்காரர், நேப்பாளக் காவலாளி,
பெயர் தெரியாத இரண்டு வீடுகள்.
நாலாம் மாடிக்காரி திருப்பிக் கொண்டுவந்து தந்தாள்,
என்ன பண்டிகை என்று கேட்டு,
இல்லை என்றதும் கையில் திணித்துவிட்டு.

*

இரவு அக்கா எடுத்தாள்.
"எப்பிடி?"
"உப்புக் காணாது."
"புளி?"
"புளி சரி."
"பிளா ஆர் கோலினது?"

வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.
எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஒருவர்தான்.
முழங்காலில் ஓலையை வைத்து,
கடைசிப் பிளாவைத் தனக்கு எடுத்து,
அது எப்போதும் ஒழுகும்.

அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்து போனது.
இங்கே மேல்வீட்டில் யாரோ குளித்தார்கள்.

"அடுத்தமுறை ஆரும் வந்தால்
ஓலை குடுத்துவிடுறன்" என்றாள்.

சரியக்கா, என்றேன்.
காயாமல் ஈரத்துணியில் சுற்றிவிடு.