தீர்மானம் எண் நான்கு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்ததால்
கூட்டம் நாற்பது நிமிடம் தாமதம்.
ஊர்கூடி எழுதிய நூலக மென்பொருள்;
அதன் சாவி இரண்டு பேரிடம்தான்.
உத்திராபதி அடுத்த மாதம் கத்தார் போகிறார்.
கையிருப்பு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

குரலில் தேட வேண்டும் என்றார் நிஜாமுதீன்.
புது முகப்பு, புது நிறம்,
ஓலைச்சுவடிக்குத் தனி அடுக்கு.
எல்லோருக்கும் மதகு கட்ட ஆசை.
தூர் வாரியவன் பெயரை
எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை.

ஜெசிந்தா அதுவரை பேசவில்லை.
தலைஞாயிற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
"போன பதிப்பே எங்கள் கிளைக்கு வந்து சேரவில்லை.
ஏற்றினால் கணினி நின்றுபோகிறது.
நீங்கள் மேட்டூர் திறந்த தேதியைச் சொல்கிறீர்கள்.
நாங்கள் கடைமடை."

டீயில் ஆடை படிந்தது.

எழுதினேன்:
அடுத்த பதிப்பு
தலைஞாயிற்றின் பழைய கணினியில் முதலில் ஓடட்டும்,
அப்புறம் வெளியீடு.
வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வருவதுபோல்
கிளைக்கு ஒருவர், மாதம் ஒரு பிழையாவது திருத்த.
மூன்றாவது சாவி ஜெசிந்தாவுக்கு.

நிரல் எழுதத் தெரியாதே என்றாள்.
சற்றுப் பொறுத்து,
எங்கே அடைக்கிறதென்று தெரியும் என்றாள்.
இரண்டையும் குறிப்பில் சேர்த்தேன்.
மறுபடி கேட் மூடும் மணி.
உத்திராபதி கடியாரம் பார்த்தார்.